ஆறு ஜாயின்ட் சர்க்கரை

அக்கா, என் மடியில் இருக்கிறதே, இது என்னவென்று நினைக்கிறீர்கள்?

கண்டக்டர் நாதஸ்வரம் என்றார். "எந்தக் கோயில் விசேசம்மா?" என்று கேட்டுவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே முன்னால் போய்விட்டார். சுற்றியிருக்கிற லுங்கியைப் பிரித்துக் காட்டுகிறேன், பாருங்கள். சைலன்சர் பைப். பைக்கில் இஞ்சினிலிருந்து வளைந்து கீழே இறங்கிப் பின்னால் போகுமே, அந்த வளைவு மட்டும்தான் இது. பின்னால் வரும் டப்பா தனி. கடையில் கிடைக்காது. ஒரே ஒரு வண்டிக்கென்று அளவெடுத்துச் செய்தது. எவர்சில்வர். தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை.

பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டீர்கள், காலை நீட்டினால் தள்ளி விடுங்கள். தன்ஷிகா, பெரீம்மாவ உதைக்காம தூங்கு சாமி.

நான் தாராபுரம் போகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். போய் ஒன்பது நாள் ஆயிற்று. போன் அடித்தால் எடுப்பதில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அங்கே ஒரு கிரில் பட்டறையில் வேலைக்குச் சேருகிறாராம். சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். ஓர் இடத்தில் கை வைத்தால் கையை எடுக்கிற ஆள் இல்லை. அதனால் இன்றைக்கே இதைக் காட்டி எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வராவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்கிறாளே என்று பார்க்கிறீர்களா? என் முகமே அப்படி. பிரசவத்தில்கூடச் சிரித்துக்கொண்டேதான் கத்தினேன் என்று நர்ஸம்மா சொன்னார்.

பல்லடத்தில் எங்கள் பட்டறை. பூபதி ஆர்கான் வெல்டிங் என்று போர்டு இருக்கும். பூபதி அவர். நான் கோகிலவாணி. போர்டில் என் பெயர் இல்லை, எதற்கு இருக்க வேண்டும், நான் சும்மா கூட இருக்கிறவள்தானே.

ஆர்கான் வெல்டிங் பார்த்திருக்கிறீர்களா? கேட்டுக்கு, ஜன்னலுக்கு அடிப்பார்களே, பொறி பறந்து தெருவெல்லாம் தெறிக்கும், அது இல்லை. இதில் பொறியே வராது. வலது கையில் டார்ச், இடது கையில் மெல்லிசாய் ஒரு கம்பி, காலுக்குக் கீழே பெடல். டார்ச் முனையிலிருந்து ஆர்கான் கேஸ் புஸ்ஸென்று வந்துகொண்டே இருக்கும். உருகுகிற இடத்தில் காற்றுப் படாமல் அதுதான் பார்த்துக்கொள்ளும். பெடலை அமுக்கினால் சூடு ஏறும், விட்டால் இறங்கும். ஒரு சொட்டுக் கம்பி, ஒரு நகர்வு, ஒரு சொட்டு, ஒரு நகர்வு. முடித்துப் பார்த்தால் மீன் செதில் மாதிரி வரிசையாய் நிற்கும்.

எனக்கு அது வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு வருசம் ஓவர்லாக் தைத்தவள் நான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்த கையோடு கம்பெனி வண்டியில் ஏறிவிட்டேன். அங்கேயும் காலில் பெடல்தான், கையில் துணிதான். கால் ஒன்று செய்யும், கை ஒன்று செய்யும், கண் ஊசியிலேயே இருக்கும். பாப்பா பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததும் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அவருக்குக் குழாய் பிடித்துக் கொடுப்பேன். ஒருநாள் அவரே, "ஏம்புள்ள, சும்மாதான உக்காந்திருக்கற, இதுல ஒரு வரி ஓட்டு" என்று ஒரு துண்டுக் குழாயைக் கொடுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வைத்தார். பொறுமையான மனுசன் அக்கா. பொய் சொல்லக்கூடாது. எத்தனை துண்டு கெடுத்தேன், ஒரு வார்த்தை திட்டியதில்லை. "கருகுனாத்தான் கத்துக்க முடியும்" என்பார்.

ஒரே ஒரு விசயத்தில்தான் அவருக்கு அவசரம். உள் கேஸ்.

இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வெளிப்பக்கம் டார்ச் கேஸ் காப்பாற்றுகிறது, சரி. குழாய்க்கு உட்பக்கம்? அங்கே காற்றுத்தானே இருக்கிறது. வெளியே செதில் செதிலாய் அழகாய் இருக்கும், உள்ளே அதே வரி கருகிப் பொரிந்து, கட்டி கட்டியாய், கறுப்புச் சர்க்கரை கொட்டிய மாதிரி நிற்கும். பட்டறையில் அதற்குப் பெயரே சர்க்கரைதான். "உள்ள சர்க்கரை புடிச்சிருச்சு" என்பார்கள். சர்க்கரை பிடித்த இடத்தில் புகை தடுக்கும், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அங்கேதான் முதலில் விரிசல் விடும். அது வராமல் இருக்க, குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, ஒரு பக்கம் கேஸை உள்ளே விட்டு, காற்றெல்லாம் வெளியே போகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அவர் நாற்பது எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் டார்ச்சைப் பற்ற வைத்துவிடுவார். "கேஸு என்ன காவேரித் தண்ணியா?" என்பார்.

நான் பிரியாணி மடிக்கிற சில்வர் பேப்பரில் இரண்டு வாயையும் அடைப்பேன். ஓர் ஓரத்தில் ஊசியால் ஓட்டை போடுவேன். ஒரு ஊதுவத்தியைப் பற்ற வைத்து அந்த ஓட்டைக்கு நேரே பிடிப்பேன். கனல் மங்கி அணைந்துவிட்டால் உள்ளிருந்து வருவது முழுக்க ஆர்கான், காற்று போய்விட்டது என்று அர்த்தம். அணையாவிட்டால் உட்கார்ந்திருப்பேன். அவர் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "சைலன்சருக்குப் பூசையா? தேங்கா ஒடைக்கலியா?" என்பார். சாயங்காலமானால் பட்டறை முழுக்கச் சாமி ரூம் வாசனை அடிக்கும்.

இந்த பைப்புக்கு ஆர்டர் கொடுத்தது நவநீதன் என்று பொள்ளாச்சித் தம்பி. தென்னந்தோப்புக்காரர் பையன், பைக் ரேஸ் ஓட்டுகிறவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வளைவு இருக்கிறதே, ஒரே குழாயை வளைத்தது இல்லை. நேர்க் குழாயைச் சாய்வாய்த் துண்டு துண்டாய் அரிந்து, ஒன்றோடொன்று சேர்த்து வளைவாக்கியது. பதினொரு துண்டு, பத்து ஜாயின்ட். எண்ணிப் பாருங்கள். முதலில் செய்த பைப்பில் அவர் ஆறு அடித்தார். அன்றைக்கு அவருக்கு ஹோட்டல்காரர் அடுப்பு வேலை ஒன்று வந்துவிட்டது. அதனால் மிச்சம் நாலை நான் அடித்தேன். வெளியே பார்த்தால் எது அவருடையது எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. அவ்வளவு ஒன்றுபோல இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அந்தத் தம்பி இடையில் ஒருநாள் பார்க்க வந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு வயரை எடுத்தார். அதன் முனையில் பூச்சி மாதிரி ஒரு கேமரா, அதிலேயே விளக்கு. மறுமுனையைப் போனில் சொருகிவிட்டு வயரைக் குழாய்க்குள் விட்டார். போனில் படம் தெரிகிறது. எங்களுக்கும் வேடிக்கைதான், டீக்கடை அண்ணன்கூட எட்டிப் பார்த்தார். முதல் ஜாயின்ட் வந்தது. கறுப்பு. கட்டி கட்டியாய். இரண்டாவது அப்படியே. ஆறாவது வரைக்கும் அப்படியே. ஏழாவது வந்தது, அக்கா, நிலாப் பிறை மாதிரி வெள்ளையாய் ஒரு கோடு. எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே.

தம்பி நல்ல மாதிரி. கத்தவெல்லாம் இல்லை. "அண்ணா, இந்த நாலும் கண்ணாடியாட்ட இருக்குது. இந்த ஆறையும் அறுத்துட்டு அதே மாதிரி அடிச்சுக் குடுத்திருங்க. நாலு அடிச்ச அன்னிக்கு உங்களுக்கு நல்ல மூடு போல" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இந்த மனுசன் ஊமையாட்டம் நிற்கிறார், தப்பாக நினைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று எனக்குப் பதறியது. அவருக்காகத்தான் அக்கா சொன்னேன். "அந்த நாலும் நான் அடிச்சதுங்க தம்பி. அவருக்கு அன்னிக்கு வேற வேல" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். தம்பி, "அட, அப்ப ஆறையும் அக்காவையே அடிக்கச் சொல்லிருங்கண்ணா" என்றார். டீக்கடை அண்ணன், "போர்ட மாத்தி எழுதோணும் பூபதி" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் பார்த்தேன், அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு சட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்காவப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். இரண்டு சட்டைதானே, இரண்டு நாளில் வருவார் என்று நினைத்தேன். கிளம்பும்போது பாப்பாவை ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்தார். அதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், ஆறு ஜாயின்ட்டை மறுபடி அறுத்து அடிக்க வேண்டுமே என்று மலைத்துப் போய்விட்டார். வேலைக்குப் பயந்தவர் இல்லை. ஆனாலும் மனுசன்தானே, ஒரு வேலையை இரண்டு தடவை செய்ய யாருக்குத்தான் பிடிக்கும்? அதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் போனை எடுக்கவில்லை என்றதும் நாத்தனாருக்கு அடித்தேன். ருக்மணி அண்ணி. அவர்களுக்குப் பட்டறை வேலை ஒன்றும் தெரியாது. நானும் அழுதுகொண்டே பேசினேன், இந்தக் குட்டியும் பக்கத்தில் கத்துகிறாள். "அண்ணி, அவரோடதுல எல்லாம் சர்க்கரையா இருக்குதுங்க. அதக் கேட்டதுல இருந்து மனசு ஒடஞ்சு போயிட்டாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணி டிவியை நிறுத்துவது கேட்டது. அப்புறம், "எத்தன இருக்குது?" என்றார்கள்.

"ஆறுங்க அண்ணி."

"ஆறா? கூடவா கொறையவா அது?"

"பத்துல ஆறுன்னா கூடத்தானுங்க அண்ணி. கேமரா விட்டே பாத்தாங்க."

"கேமரா வேற விட்டாங்களா? மாத்திர?"

அண்ணி கேட்டது மாத்திரையை, எனக்கு மாத்தற என்று காதில் விழுந்தது. "மாத்தோணுங்க அண்ணி, ஆறையும் மாத்தோணும். அறுத்துட்டுத்தான் மாத்தோணும்" என்றேன். அண்ணி, "அய்யோ சாமி" என்று போனை வைத்துவிட்டார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அங்கே அரிசிச் சோறு கிடையாது. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் ராகிக் களி, சாயங்காலம் வெந்தயத் தண்ணீர். காபியில் சர்க்கரை இல்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய காலை அறுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துக் கோயிலில் வேண்டுதல் வேறு. ஏழாம் நாள் அண்ணியே போனில் சொன்னபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

எனக்கு ஒன்றுதான் அக்கா புரியவில்லை. அவருக்குத் தெரியுமே, தனக்கு ஒரு வியாதியும் இல்லையென்று. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. 'இது அந்தச் சர்க்கரை இல்லக்கா, பைப்புக்குள்ள இருக்கிற சர்க்கரை' என்று சொன்னால் என்ன? பாகற்காய் வாசம் ஆகாத மனுசன். நான் குழம்பு வைத்தால் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். "குடுத்ததக் குடிச்சுட்டு சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கான், கண்ணு" என்கிறார்கள் அண்ணி. நான் சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணி, அது வேற சர்க்கரைங்க, வெல்டிங்ல..." அவ்வளவுதான், போன் கட் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்து அவர்தான் பிடுங்கியிருப்பார். அப்புறம் அண்ணி நம்பரும் சுவிட்ச் ஆப். சோற்றுக்குப் பதில் களி தின்றாலும் தின்பேன், இதைச் சொல்ல விடமாட்டேன் என்றால், அது என்ன பிடிவாதம்?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. பாப்பா அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் தட்டுத் தட்டென்று நடக்கிறாள். கஸ்டமர் வந்தால் அவர் வெளியூர் போயிருக்கிறார் என்கிறேன். எத்தனை நாள் சொல்வது? நேற்று கிரில் பட்டறை விசயம் அண்ணி மகன் மூலமாகத் தெரிந்ததும் பஸ் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டேன். பட்டறை சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னாராம். எனக்குச் சொல்லவில்லை பாருங்கள், ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறார்.

நல்லவேளை, நான் சும்மா இருக்கவில்லை. அவர் போன நாளிலிருந்தே மிச்சக் குழாயில் புதிதாய்ப் பதினொரு துண்டு அரிந்தேன். பாப்பா பால்வாடியில் இருக்கிற நேரமெல்லாம் இதுதான். அவர் அடித்த பழைய பைப்பை நான் தொடவில்லை, அது அப்படியே ஆணியில் தொங்குகிறது. அதை அறுக்க எனக்குக் கை வரவில்லை. இது முழுக்கப் புதுசு. பத்து ஜாயின்ட்டும் நானே. ஒவ்வொன்றுக்கும் ஊதுவத்தி அணைகிறவரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு கட்டு ஊதுவத்தி தீர்ந்தது. நேற்று முடித்துவிட்டு டார்ச் லைட் அடித்து உள்ளே பார்த்தேன். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை அக்கா. என் கல்யாணப் புடவைகூட எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

இதைக் கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, 'பாருங்க, எல்லாம் முடிஞ்சுருச்சு, உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா வந்து உக்காந்தாப் போதும்' என்று சொல்லப் போகிறேன். இதைப் பார்த்தால் அவர் மனசு குளிர்ந்துவிடும்.

என்னக்கா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவருக்கா? சுருக்கென்று இருந்திருக்குமா? எதற்கு? நான் என்ன தப்பாகச் சொன்னேன்? சொல்லிக் கொடுத்ததே அவர்தானே, அவருக்குப் பெருமைதானே. மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர், அக்கா. அப்படிப்பட்ட ஆள் இல்லை. டீக்கடை அண்ணன் போர்டைப் பற்றிச் சொன்னபோதுகூடச் சிரித்தாரே. கொஞ்சம் லேட்டாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தானா? மாட்டு லோனுக்கு உங்கள் பெயரில் நீங்களே கையெழுத்துப் போட்டதற்கா? எத்தனை மாசம் பேசவில்லை? ஒரு வருசமா?

கொஞ்சம் இருங்கள் அக்கா. போன். புது நம்பர்.

அலோ. ஏனுங்க. நான்தானுங்க. எங்கிருந்து பேசறீங்க? இல்லீங்க, அழுகல. பஸ்ஸுல இருக்கறேன். குண்டடம் வரப் போகுதுங்க. நான் வரேன்னு அண்ணி மகன் சொல்லிட்டானா? தூங்கறா. ஆமாங்க. நீங்க சொல்லுங்க, கேக்குது. ஆமாங்க. ஆணியிலதான் தொங்குது. இல்லீங்க. வெக்கலீங்க. நான் ஒண்ணுலயும் கைய வெக்கலீங்க. சரிங்க. அங்கேயே நில்லுங்க, வெய்யில்ல நிக்காதீங்க. சரிங்க.

அக்கா, அவர்தான். கடைக்காரர் ஒருத்தர் போனிலிருந்து பேசுகிறார். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம், பையோடு. இதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம் என்கிறார். கிரில் பட்டறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். குரல் கம்மியிருக்கிறது, களி தின்று தின்று.

என்ன சொன்னார் தெரியுமா? "அந்த ஆறு ஜாயின்ட்டையும் தொடாம வெய்யி, புள்ள. நான் வந்து அறுத்துட்டு அடிக்கறேன். ஊதுவத்தி வெச்சே அடிக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து, அணஞ்சுதா இல்லியான்னு மட்டும் சொல்லு" என்றார். அப்புறம், "நீ கைய வெச்சிரலியே?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லையே? பழசில் கை வைக்கவில்லைதானே?

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அவர் உட்கார்ந்தால் ஆறும் முடிந்துவிடும். உள்ளே கேஸ் நிரம்புகிறவரை பொறுத்தால் அவர் கைக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

நீங்கள் எழுந்துவிட்டீர்களா? இதுதான் உங்கள் ஸ்டாப்பா? பாப்பாவை மெதுவாக இப்படிக் கொடுங்கள், எழுந்துவிடப் போகிறாள். உங்கள் சாக்குப்பையில் இந்த பைப்புக்கு இடம் இருக்கிறது அக்கா, மேலே கீரைதானே இருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், யோசிக்க நேரம் இல்லை. சீட்டுக்கு அடியில் விட்டால் யாராவது கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஜன்னல் வழியாக எறிய எனக்குக் கை வராது. எங்கேயாவது பரணில் போட்டு வையுங்கள், எவர்சில்வர்தான், துருப் பிடிக்காது. யாரும் கேட்டு வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன். இந்தாங்க, லுங்கியோடவே புடிங்க. இத எடுத்துக்கிட்டு எறங்கிருங்க அக்கா.